மகாராணி தாவமாட்டாள்

ஜனவரி 9

அன்புத் தங்கை பாப்பாவுக்கு,

அக்கா எழுதுவது. நான் நலம். நீயும் உன் வீட்டுக்காரரும் எப்படி இருக்கிறீர்கள்? இந்தக் குளிரில் அவருடைய முழங்கால் அவரையும் படுத்தி உன்னையும் படுத்திக்கொண்டிருக்கும் என்று தெரியும்.

போன் இருக்கக் கடிதம் எதற்கு என்பாய். போனில் நாம் இருவரும் ஒரே நேரத்தில் பேசுகிறோம். வைத்த பிறகு யார் என்ன சொன்னோம் என்று இருவருக்குமே தெரிவதில்லை. கடிதத்தில் நீ குறுக்கே பேச முடியாது. அந்த ஒரு சுகத்துக்காகத்தான் பேனாவை எடுத்தேன்.

எங்கள் குழுவின் இந்த வருடத்துப் பாலே நடனம் ஒரு மகாராணியின் கதை. மூவாயிரம் வருடத்துக்கு முந்தியவளாம். புருஷன் போன பிறகு பதினெட்டு வருடம் தனியாக ஆண்டாளாம். எதிரிகள் கோட்டைக்குள் புகுந்ததும் இருபத்திரண்டு படி ஏறி உச்சியில் நின்று, அவர்கள் கை மேலே படுவதற்குள் நஞ்சைக் குடித்துவிட்டாளாம். அவள் மேல் எனக்கு ஒரு குறையும் கிடையாது. அவளுக்கு உடை தைக்கச் சொல்கிறவர்கள்தான் என் பிராணனை வாங்குகிறார்கள்.

டான்ஸ் மாஸ்டர் சொல்கிறார், "உடுப்பு காத்து மாதிரி இருக்கணும்மா." சரித்திரம் சொல்ல ஒரு பேராசிரியரை வேறு கூட்டி வந்திருக்கிறார்கள். அவர் மூக்குக் கண்ணாடியைத் தூக்கிக்கொண்டு, "காத்துன்னா எந்தக் காலத்துக் காத்து?" என்கிறார். இருவரும் என் வெட்டு மேசையின் இரண்டு பக்கமும் நின்று பேசுவார்கள். நடுவில் கத்திரியோடு நான். போன வாரம் மட்டும் மகாராணியின் கைப்பகுதி நான்கு முறை மாறிவிட்டது. ஐந்தாவது முறை கையே வேண்டாம் என்றார்கள். நிம்மதியாக இருந்தது. மறுநாள் காலை இரண்டு கையும் திரும்பி வந்தன.

தையலறை பழையபடி நிலத்தடியில்தான். குழாய் ஒழுகுகிறது. அதன் கீழே வாளி வைத்தால், சத்தம் ஒத்திகைக்கு இடைஞ்சலாம். வாளிக்குள் துணி போட்டிருக்கிறேன்.

உன் மகள் துள்ளி விடுமுறை முடிந்து நல்லபடியாக வந்து சேர்ந்தாள். மகாராணி வேஷம் அவளுக்கென்று மாஸ்டர் உன் வீட்டுக்கே போன் போட்டுச் சொன்னாராமே. இங்கேயும் பலகையில் எழுதிப் போட்டுவிட்டார்கள். சந்தோஷம்.

குளிரில் திரியாதே.

உன்
அக்கா


ஜனவரி 22

அன்புள்ள அக்காவுக்கு,

இங்கே எல்லோரும் சுகம். முழங்காலும் தன் பாட்டுக்கு இருக்கிறது. உன் தோள்வலி எப்படி?

கடிதம் வந்தது. நான்கு பக்கம். எண்ணிப் பார்த்தேன். மாஸ்டருக்கு ஒரு பக்கம், பேராசிரியருக்கு முக்கால் பக்கம், வாளிக்கு நான்கு வரி. பெற்ற பெண்ணைப் பற்றி மூன்று வரி. அதுவும் எனக்குத் தெரிந்த செய்தி. அக்கா, வாளிக்கு உடம்பு எப்படி இருக்கிறது என்று நான் கேட்டேனா?

எனக்கு வேண்டியது வேறு. துள்ளி நேரத்துக்குச் சாப்பிடுகிறாளா? தூங்குகிறாளா? மாடிப்படி ஏறி இறங்குவது எப்படி இருக்கிறது? ஒத்திகை முடிந்ததும் உட்கார்ந்துவிடுகிறாளா, நின்று பேசுகிறாளா? நீ அவளைத் தினம் பார்க்கிறாய். உன் கண்ணுக்கு ஏதாவது வித்தியாசமாகத் தெரிகிறதா? இங்கே இருந்த பத்து நாளும் சோபாவை விட்டு எழுந்திருக்கவில்லை. களைப்பு என்றாள். அதனால்தான் கேட்கிறேன், வேறொன்றுமில்லை.

ஆஸ்பத்திரியில் என் எக்ஸ்ரே அறைக்கு ஒரு வழியாகப் புது விளக்கு போட்டார்கள். மெஷின் மட்டும் நான் வேலைக்குச் சேர்ந்த நாளில் இருந்ததுதான். அதுவும் நானும் ஒன்றாக ஓய்வு பெறுவோம் போலிருக்கிறது.

பதினான்கு வருடம் பின்வரிசையில் ஆடிய பெண், அக்கா. எட்டு வயதில் உன் கையைப் பிடித்துக்கொண்டு அந்தக் கட்டடத்துக்குள் நுழைந்தவள். பார்த்துக்கொள். இனிமேல் துணியைப் பற்றி எழுதுவதென்றால் தனித் தாளில் எழுது, அடுப்பு பற்றவைக்க உதவும்.

உன்
பாப்பா


பிப்ரவரி 7

அன்புத் தங்கைக்கு,

நலம், நலமறிய ஆவல். தோள்வலி இருக்கிறது. கத்திரி பிடிக்கிறவளுக்கு அது வீட்டு மனிதர் மாதிரி.

உன் வரி எண்ணும் புத்தி சின்ன வயதிலிருந்தே உள்ளதுதான். தோசைக்கல்லில் எனக்குப் பெரியதா உனக்குப் பெரியதா என்று அளந்தவள் நீ. சரி, கேட்டுக்கொள். சாப்பிடுகிறாள். தூங்குகிறாள். படி ஏறுகிறாள்.

மாஸ்டர் இரண்டாம் அங்கத்தில் ஏழு தாவல் வைத்திருக்கிறார். எதிரிகளின் கேடயங்களை மேடையில் வரிசையாக அடுக்கி, மகாராணி ஒவ்வொன்றாகத் தாண்டி வர வேண்டும். ஏழாவது கேடயம் என் இடுப்பு உயரம். பேராசிரியர் எழுந்து, "ஒரு ராணி எதுக்குங்க இப்படிக் குதிக்கணும்? படைத்தலைவன்கிட்ட சொன்னா எடுத்துப் போட்டுருவானே" என்றார். மாஸ்டர் அன்று முழுவதும் அவரோடு பேசவில்லை. இடையில் தூது போனது நான். "அவர்கிட்ட சொல்லுங்க", "இவர்கிட்ட சொல்லுங்க" என்று இரண்டு வயதான ஆண்பிள்ளைகளுக்கு நடுவில் ஊசி விழுங்கினவள் போல நின்றேன்.

உடுப்புக்கு வெங்காயத் தோல் மாதிரி பட்டு வந்திருக்கிறது. தொட்டால் நூல் விடுகிறது. ஏழு தாவலுக்கு ஏழு நாள்கூடத் தாங்காது. சொன்னால் யார் கேட்கிறார்கள்?

துள்ளி நலம்.

இப்படிக்கு,
அக்கா


பிப்ரவரி 11
(தபாலில் சேர்க்காத கடிதம்)

பாப்பா,

இதை உனக்கு அனுப்பமாட்டேன் என்று எழுதத் தொடங்கும்போதே தெரிகிறது. இருந்தாலும் யாரிடமாவது சொல்லித் தொலைக்க வேண்டும்.

துள்ளியின் இடது கால் சரியில்லை.

ஆடுகிறவர்களுடைய ஷூக்கள் எல்லாம் என் கை வழியாகத்தான் போகும். நுனிக்காலில் நின்று ஆடுகிற ஷூ இரண்டு மூன்று நாளில் செத்துவிடும், இரண்டும் சேர்ந்தே சாகும். துள்ளிக்கு வலது மட்டும் சாகிறது. இடது கடையிலிருந்து வந்த மாதிரியே இருக்கிறது. அந்தக் காலில் இறங்காமல் ஏமாற்றி ஆடுகிறாள். இப்போது வலது ஷூ மட்டும் வேண்டுமென்று ஆள் அனுப்புகிறாள். அவள் பெட்டியில் பதினொரு இடது ஷூ மிச்சம்.

இன்று மகாராணியின் செருப்புக்காக அவள் பாதத்தைத் தாளில் வைத்து வரைந்தேன். போன வருடத் தாளை எடுத்து மேலே வைத்துப் பார்த்தேன். இடது பாதம் ஒரு விரல்கடை அகலமாகியிருக்கிறது. பென்சில் பட்டதும் உதட்டைக் கடித்தாள். "வலிக்குதா?" என்றேன். "கூசுது பெரியம்மா" என்றாள்.

அளவெடுக்கும் அறையில் பார்த்தது கதவைத் தாண்டக் கூடாது. முப்பத்தொரு வருடமாக அப்படித்தான். யாருக்கு வயிற்றில் பிள்ளை, யார் முதுகில் அடிபட்ட தடம், யார் பட்டினி கிடக்கிறார்கள், எல்லாம் எனக்கு முதலில் தெரியும். வாய் திறந்ததில்லை. திறந்தால் அடுத்த நாள் ஒருத்தியும் என் முன்னால் சட்டையைக் கழற்றமாட்டாள். மாஸ்டரிடம் சொன்னால் வேஷம் இன்னொருத்திக்குப் போய்விடும், துள்ளி என் முகத்தில் விழிக்கமாட்டாள். உன்னிடம் சொன்னால் நீ அடுத்த வண்டி பிடித்து வந்து மாஸ்டரின் சட்டையைப் பிடிப்பாய்.

ஆனால் அந்த ஏழு தாவல் அவள் காலை முடித்துவிடும். என் கையில் இருப்பது கத்திரியும் துணியும்தான். அதை வைத்து என்ன செய்ய முடியும் என்று பார்க்கிறேன்.

அக்கா


மார்ச் 3

அக்காவுக்கு,

வணக்கம். நாங்கள் நலம். நீ நலமா என்று கேட்க வேண்டியது என் கடமை, கேட்டுவிட்டேன்.

"துள்ளி நலம்." இரண்டே சொல்! உன்னோடு கூடப் பிறந்ததற்கு இதுதான் பலனா? வெங்காயத் தோல் பட்டுக்குக்கூட நான்கு வரி கொடுத்திருக்கிறாய். நான் அடுத்த பிறவியில் பட்டாகப் பிறக்கிறேன்.

அவளிடம் போனில் கேட்டால் "நல்லா இருக்கேம்மா" என்று ஒரு பாட்டு. உன்னிடம் கேட்டால் வாளி, குழாய், பேராசிரியர். நான் சுவரிடம் கேட்டாலாவது எதிரொலி வரும்.

ஒன்று சொல். அங்கே ஆடுகிறவர்களை டாக்டர் வந்து பார்ப்பது உண்டா? எல்லோரையும் பார்ப்பாரா, கேட்டவர்களை மட்டுமா? காலைத் தொட்டுப் பார்ப்பாரா? சும்மா தெரிந்துகொள்ளத்தான் கேட்கிறேன். உன் தையலறையில் ஷூவெல்லாம் நீயே பார்த்துக் கொடுக்கிறாயா, இல்லை வேறு யாராவதா?

முதல் நாள் ஆட்டத்துக்குச் சொந்தக்காரர்கள் எல்லோரும் புறப்படுகிறார்கள். என் கொழுந்தன் குடும்பத்தில் மட்டும் பதினொரு பேர். ஆஸ்பத்திரியில் வார்டு வார்டாகச் சொல்லியாயிற்று. காலில் கட்டுப் போட்டுக்கொண்டு வருகிறவனிடம்கூட "என் பொண்ணு மகாராணி" என்று சொல்லிவிட்டுத்தான் படம் எடுக்கிறேன்.

ஒழுங்காகப் பதில் எழுது.

பாப்பா


மார்ச் 21

அன்புத் தங்கைக்கு,

நலம். உன் வீட்டுக்காரருக்கு என் விசாரிப்பைச் சொல். பாவம், என்னைத் திட்டுகிற நேரத்தில் அவரைத் திட்டாமல் இருப்பாய், அந்த மட்டும் அவருக்கு என்னால் ஆன உதவி.

டாக்டர் வருவார். கேட்டவர்களை மட்டும் பார்ப்பார். ஷூவை நான்தான் பார்த்துக் கொடுக்கிறேன். போதுமா?

இங்கே பெரிய ரகளை. வெங்காயத் தோல் பட்டு சாயம் போட்டதும் கந்தலாகிவிட்டது. கந்தலாகும் என்று எனக்கு முன்பே தெரியும், சாயம் தாங்குமா என்று யாரும் என்னிடம் கேட்கவில்லை. ஆகவே பேராசிரியரைத் தனியாகப் பிடித்து, "ஐயா, அந்தக் காலத்து ராணி இவ்வளவு மெல்லிசா உடுத்திருப்பாளா?" என்று கேட்டேன். மனிதர் இரண்டு மாதமாக யாராவது கேட்கமாட்டார்களா என்று காத்திருந்தவர். ஓடிப்போய்க் கல்லறைச் சுவர்ச் சித்திரத்தின் படத்தைக் கொண்டுவந்தார். தரையைத் தொடும் கனமான அங்கி. விளிம்பு முழுக்க வெண்கல வட்டுகள்.

அப்படியே தைத்தேன். திரைச்சீலைக்கு வாங்குகிற தடித்த துணி, உள்ளே ஒரு மடிப்பு, விளிம்பில் வட்டுகள், மடிப்புக்குள் சங்கிலி. மாஸ்டர் அங்கியை ஒரு கையால் தூக்கிப் பார்த்தார். அப்புறம் இரண்டு கையாலும் தூக்கினார்.

"என்னம்மா இது? ராணியா, ஜன்னல் திரையா? இதைப் போட்டுக்கிட்டு எப்படித் தாவுவா?"

"ராணி தாவமாட்டா மாஸ்டர். சுவர்லயே இருக்கு, பாருங்க."

"சுவர்ல இருக்கறவ ஆடலையே!"

"வேற துணி நெய்து வர ஆறு வாரம் ஆகும். நீங்களே சொல்லுங்க."

பேராசிரியர் பக்கத்தில் நின்று தலையை ஆட்டிக்கொண்டே இருந்தார். மாஸ்டர் ஆகாயத்துக்கும் பூமிக்கும் குதித்தார். உண்மையில் நன்றாகக் குதிக்கிறார், அந்த ஏழு தாவலையும் அவரே தாவியிருக்கலாம். மூன்று நாள் என்னோடு பேச்சில்லை. நான்காம் நாள் இறங்கி வந்து, தாவல்களைப் படைவீரர்களுக்குக் கொடுத்துவிட்டேன், மகாராணி நடப்பாள் என்றார். நடந்தே இருபத்திரண்டு படி ஏறுவாள்.

துள்ளி என்னைப் பார்த்தாள், அங்கியைப் போட்டுக்கொண்டாள். அவளைப் பற்றி இத்தனை வரி எழுதியதே இல்லை, எண்ணிக்கொள்.

அக்கா


ஏப்ரல் 6

அக்கா,

நலம் விசாரிக்கும் நிலைமையில் நான் இல்லை.

துள்ளி துள்ளாமல் ஒரு பாலேயா? அந்தப் பெண்ணுக்கு அந்தப் பெயர் எதற்கு வந்தது? தொட்டிலிலிருந்தே துள்ளினவள். அவளைப் போலத் தாவ அந்தக் கட்டடத்தில் ஆள் கிடையாது என்று நீயே என்னிடம் சொன்னவள். பதினான்கு வருடம் கழித்து ஒரு வேஷம் கிடைத்தால், சொந்தப் பெரியம்மா ஜன்னல் திரையைச் சுற்றி நடக்க விடுகிறாள். படைவீரர்கள் தாவுவார்களாம்! உன் பிடிவாதத்துக்கு என் பெண்தான் கிடைத்தாளா? சின்ன வயதிலும் நீ இப்படித்தான். நீ தைத்த கவுன் என்னை எங்கே இறுக்குகிறது என்று சொன்னால், நான் சரியாக நிற்கவில்லை என்பாய்.

சொந்தக்காரர்களுக்கு என்ன சொல்வேன்?

சரி, விடு. தைத்தது தைத்ததுதான். மாஸ்டரே ஒப்புக்கொண்டபின் நாம் என்ன பேசுவது. நடப்பதும் ஆட்டம்தான்.

பாப்பா


மே 5

அன்புத் தங்கைக்கு,

நலம். உன் கோபம் ஒரு பக்கத்தில் அடங்கிப்போனது எனக்கு ஆச்சரியமாக இருந்தது. நம் வீட்டில் ஒரு தட்டு உடைந்தாலே நீ மூன்று நாள் ஓயமாட்டாய். பதில் எழுதலாம் என்று உட்கார்ந்தேன், ஒத்திகையில் அறுந்த வட்டுகளைத் திரும்பத் தைக்கிற வேலையில் ஒரு மாதம் ஓடிவிட்டது.

முதல் நாள் ஆட்டம் நடந்தது. உன் கொழுந்தன் வந்தார், பதினொரு பேரும் வந்தார்கள், குழந்தை அழுதது, வெளியே தூக்கிப் போனார்கள். எல்லோரும் வந்தார்கள். நீ வரவில்லை.

எக்ஸ்ரே மெஷின் பழுது என்று துள்ளியிடம் போனில் சொன்னாயாம். பாப்பா, பதினான்கு வருடம் காத்திருந்தவள் நீயா நானா? ஒரு நாள் அந்த மெஷினைப் பூட்டிவிட்டு வர உனக்கு என்ன? உன் நாற்காலியில் பேராசிரியர் உட்கார்ந்து அழுதார். மனிதருக்கு அழத்தான் இடம் வேண்டியிருந்ததோ என்னவோ, மேல்துண்டெல்லாம் ஈரம்.

அவள் நடந்தாள். ஒரு படி, நிற்பாள். இன்னொரு படி, நிற்பாள். வட்டுகள் படியில் இழுபடுகிற சத்தம் கடைசி வரிசை வரைக்கும் கேட்டது. எதிரிகள் கீழே தாவிக் கொண்டிருந்தார்கள், ஒருவரும் அவர்களைப் பார்க்கவில்லை. பத்திரிகையில், "இந்த ராணி ஒரு தடவையும் தரையை விட்டு எழவில்லை, நாங்கள்தான் நாற்காலியில் உட்காரவில்லை" என்று எழுதியிருக்கிறார்கள். மாஸ்டர் இப்போது நடக்கிற ராணி தன் யோசனை என்று எல்லோரிடமும் சொல்லிக்கொண்டிருக்கிறார். சொல்லட்டும்.

நான் பக்கவாட்டில் ஊசி நூலோடு நின்று பார்த்தேன். எனக்கு அவ்வளவு பெருமையாக இருந்தது. நீ பக்கத்தில் இல்லையே என்று எரிச்சலாகவும் இருந்தது.

இன்னும் பதினைந்து ஆட்டம் இருக்கிறது. ஏதாவது ஒன்றுக்கு வா.

அக்கா


ஜூன் 2

பாப்பா,

உன் உடம்பு எப்படி இருக்கிறது? துள்ளி வீட்டில் ஒழுங்காகச் சாப்பிடுகிறாளா?

ஆஸ்பத்திரித் தாழ்வாரத்தில் இரண்டு நாள் என் எதிர் பெஞ்சில் உட்கார்ந்திருந்தாய். ஒரு வார்த்தை பேசவில்லை. நானும் பேசவில்லை. அவளைக் கூட்டிக்கொண்டு போய்விட்டாய். நேரில் சொல்ல முடியாததை எழுதுகிறேன்.

அன்று ஒன்பதாவது ஆட்டம். பதினேழாம் படி. பொத்தான் தெறித்த மாதிரி ஒரு சத்தம் கேட்டது. வட்டு ஒன்று அறுந்துவிட்டது, ஆட்டம் முடிந்ததும் தைத்துவிடலாம் என்று நினைத்தேன் பாப்பா. என் புத்தி அப்படிப் போயிற்று. அவள் அப்படியே நின்றாள். மேலே ஐந்து படி மிச்சம். ஐந்தையும் ஏறினாள். நஞ்சைக் குடித்தாள், விழுந்தாள். ஜனங்கள் எழுந்து நின்று கைதட்டினார்கள். திரை விழுந்த பிறகும் அவள் எழுந்திருக்கவில்லை.

எனக்குத் தெரியும். பிப்ரவரியிலேயே தெரியும். ஷூவைப் பார்த்துத் தெரிந்துகொண்டேன், பாதத்தை வரைந்தபோது உறுதியாயிற்று. உனக்கு ஒரு கடிதம் எழுதினேன், அனுப்பவில்லை. அதை இத்துடன் வைத்திருக்கிறேன். அளவறைக் கட்டுப்பாடு என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். அந்தக் கனத்த அங்கி மகாராணிக்காகத் தைத்ததில்லை. துள்ளி தாவக் கூடாது என்பதற்காகவே தைத்தேன். யாரிடமும் சொல்லாமல் காலைக் காப்பாற்றிவிட்டேன் என்று எனக்குள்ளே ஒரு கர்வம்.

அவளைத் தூக்கிக்கொண்டு போன பிறகு அங்கியைத் தராசில் வைத்துப் பார்த்தேன். நான்கு கிலோ முந்நூறு கிராம். தைக்கும்போது ஒருதரம்கூட எடை போடவில்லை. தாவல் போனால் போதும் என்றிருந்தேன். அத்தனை கனத்தையும் ஒவ்வொரு படியிலும் அந்த ஒரு காலில் ஏற்றி வைத்தது நான்தான்.

நீ பேசாமல் இருந்தது சரிதான். ஆனால் எனக்குத் தாங்கவில்லை. திட்டியாவது எழுது.

அக்கா


ஜூன் 19

அக்கா,

எங்கள் உடம்புக்கு ஒன்றுமில்லை. துள்ளியின் கால் எலும்பில் திருகாணி வைத்திருக்கிறார்கள், சேரும் என்கிறார்கள். இனி நுனிக்காலில் நிற்க முடியாது என்றும் சொல்லிவிட்டார்கள். அவள் முன்னாலேயே சொன்னார்கள். "சரி" என்றாள்.

உன் கடிதத்தைப் பத்து நாள் கையில் வைத்துக்கொண்டு திரிந்தேன். உன்னைத் திட்ட எனக்கு வாயில்லை.

எனக்கு டிசம்பரிலேயே தெரியும் அக்கா. அவள் நொண்டிக்கொண்டுதான் வீட்டுக்குள் வந்தாள். மறுநாள் எல்லோரும் சாப்பிடப் போன நேரத்தில் ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப்போய் நானே படம் எடுத்தேன். டாக்டரிடம் காட்டவில்லை. காட்டத் தேவையும் இல்லை, இருபத்தாறு வருடமாகப் பார்க்கிறேன். மயிரிழை மாதிரி ஒரு விரிசல். மூன்று மாதம் காலை ஊன்றாமல் இருந்தால் ஒட்டிக்கொள்ளும். அதைத்தான் அவளிடம் சொல்லப்போனேன். அந்தச் சாயங்காலம் மாஸ்டர் போன் செய்துவிட்டார்.

அவள் என் முகத்தைப் பார்த்தாள். நான் சொன்னேன், "பத்து நாள் படுத்து எந்திரி, சரியாயிடும். யார்கிட்டயும் சொல்லாத. பெரியம்மாகிட்ட சொல்லவே சொல்லாத. அவ கண்டுபிடிச்சா வேஷம் போச்சு."

உன்னிடம் நான் கேட்ட கேள்வியெல்லாம் அதற்காகத்தான். அவள் எப்படி நடக்கிறாள், ஷூவை யார் பார்க்கிறார்கள், டாக்டர் தொட்டுப் பார்ப்பாரா, எல்லாம் உனக்குத் தெரிந்துவிட்டதா என்று நூல் விட்டுப் பார்த்தது. தாவல் இல்லை என்று நீ எழுதிய அன்று எனக்குப் போன உயிர் திரும்பி வந்தது. இருந்தும் கோபமாக எழுதினேன். கோபப்படாவிட்டால் ஏன் என்று கேட்பாய். ஒரு பக்கத்துக்கு மேல் கோபம் வரவில்லை. மெஷின் பழுது என்றதும் பொய். உட்கார்ந்து பார்க்கத் தைரியம் இல்லை.

உன் கடிதத்தையும் பழைய கடிதத்தையும் அவளிடம் கொடுத்தேன். படித்தாள். இந்தக் கடிதத்தை இதுவரை எழுதிக் காட்டினேன், அதையும் படித்தாள். மடித்து என் கையில் கொடுத்துவிட்டு, தோழி வீட்டுக்குப் போவதாகச் சொல்லி வண்டி வரச் சொன்னாள். ஊன்றுகோலோடு போய்விட்டாள். எந்தத் தோழி, எங்கே என்று என்னிடம் சொல்லவில்லை. உன்னிடம் சொன்னாளா?

பாப்பா


ஜூலை 10

அம்மாவுக்கும் பெரியம்மாவுக்கும்,

நான் நலம். நிஜமாகவே நலம், இந்தத் தடவை நம்பலாம். தோழி வீட்டில் தரைத்தளத்தில் ஓர் அறை கொடுத்திருக்கிறார்கள். இந்தக் கடிதத்தை ஒரே மாதிரி இரண்டு படி எழுதி இரண்டு பேருக்கும் அனுப்புகிறேன். ஒருத்தருக்குத் தெரிந்தது மற்றவருக்குத் தெரியாமல் பார்த்துக்கொள்கிற சிரமம் இனி யாருக்கும் வேண்டாம்.

பெரியம்மா, வலது ஷூ மட்டும் வேண்டுமென்று உங்களுக்கு ஆறு தடவை ஆள் அனுப்பினேன். உங்களுக்கா தெரியாது ஷூ எப்படித் தேயும் என்று? ஒவ்வொரு தடவையும், இப்போது கீழே கூப்பிட்டுக் கேட்பீர்கள் என்று நினைப்பேன். ஷூ வந்துவிடும். பாதம் வரைந்தபோது ஒரே ஒரு தடவை கேட்டீர்கள், நான் பொய் சொன்னேன். இன்னொரு தடவை கேட்டிருந்தால் சொல்லியிருப்பேன். வாய் வரைக்கும் வந்துவிட்டது. நீங்கள் பென்சிலைச் சீவப் போய்விட்டீர்கள்.

இன்னொன்றையும் தெரிந்துகொள்ளுங்கள். அந்த ஏழு தாவலையும் என்னால் ஆட முடியாது என்று மார்ச்சில் எனக்கே தெரிந்துவிட்டது. மாஸ்டரிடம் சொல்லிவிடுவதென்று ஒரு திங்கட்கிழமை காலை அவர் அறைக் கதவு வரைக்கும் போனேன். உள்ளேயிருந்து அவரே வெளியே வந்து, "தாவல் கிடையாது, நடந்தா போதும்" என்று சொன்னார். நடக்கத்தானே, சமாளித்துவிடலாம் என்று திரும்பி வந்துவிட்டேன்.

அம்மா, தினமும் போனில் "எப்படி இருக்கே?" என்று கேட்டாய். "நல்லா இருக்கேம்மா" என்பேன். அந்தப் பக்கம் நீ மூச்சு விடுகிற சத்தம் கேட்கும். படத்தை எடுத்தவள் நீ. நல்லா இல்லை என்று உனக்கும் தெரியும், எனக்கும் தெரியும்.

உங்கள் மேல் பழி போட எழுதவில்லை. என் கால், என் வாய். இருபத்திரண்டு வயது ஆனவளுக்குச் சொல்லத் தெரிந்திருக்க வேண்டும். எனக்கும் அந்த வேஷத்தின் மேல் அவ்வளவு ஆசை. ஆனால் கடிதங்களைப் படித்த பிறகு எனக்கு வந்த ஆத்திரம் இன்னும் போகவில்லை. ஒருத்தி எனக்காகத் துணியில் சங்கிலி கோத்தாள். ஒருத்தி எனக்காகப் படத்தை ஒளித்து வைத்தாள். இரண்டு பேரும் என் மேல் உயிரையே வைத்திருக்கிறீர்கள், எனக்குத் தெரியாதா? ஆறு மாதமும் நான் காத்திருந்தது ஒரு வார்த்தைக்குத்தான். "நிறுத்துடி" என்று உங்களில் ஒருத்தர் சொல்லியிருந்தால் ஒரு நாள் அழுது, ஒரு வாரம் பேசாமல் இருந்து, நிறுத்தியிருப்பேன்.

வெள்ளிக்கிழமை கட்டைப் பிரிக்கிறார்கள். இரண்டு பேரும் வர வேண்டாம். முதலில் நான் தனியாக நடந்து பார்க்கிறேன்.

உங்கள்
துள்ளி